மெலிந்து வரும் குரல்

தொலைபேசியில் அப்பா பேசுகிறார். கனத்த குரல். 'ஹலோ' என்ற ஒரு சொல் காதில் விழுந்ததுமே அவர்தான் என்று தெரிந்துவிடுகிறது. உண்மையில் அந்தக் கனம் கம்பி வழியாக வரவே இல்லை. வளர்ந்த ஆணின் குரல்நாண்கள் வினாடிக்குச் சுமார் 85 முதல் 155 தடவை அதிர்கின்றன. பெண்களுக்கு இது 165 முதல் 255 வரை. சாதாரணத் தொலைபேசி இணைப்போ 300 ஹெர்ட்ஸில் தொடங்கி 3,400 ஹெர்ட்ஸோடு கதவைச் சாத்திவிடுகிறது. ஆக, பேசுபவர் ஆணானாலும் பெண்ணானாலும் குரலின் அடிநாதம் முழுதாக மறுமுனைக்கு வந்து சேர்வதில்லை.

பிறகு எப்படிக் கேட்கிறது? 120 ஹெர்ட்ஸில் பேசும் ஒருவரின் தொண்டையிலிருந்து 120 மட்டும் கிளம்புவதில்லை. அதன் மடங்குகளான 240, 360, 480, 600 என்று ஒரு வரிசையே கிளம்புகிறது. முதல் இரண்டும் வழியில் போய்விடும். மீதி வந்து சேரும். அந்த மீதியில் அடுத்தடுத்த இரண்டுக்கு இடையே உள்ள தூரம் எப்போதும் 120தான். மூளை அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டு, 'இது 120இல் பேசும் ஆள்' என்று முடிவுகட்டி, வராத அடிநாதத்தை வந்ததாகவே கேட்க வைத்துவிடுகிறது. நெதர்லாந்து இயற்பியலாளர் ஷௌட்டன் 1940 வாக்கில் இதை விரிவாக ஆராய்ந்தார். செவியியலில் இன்றும் இது ஒரு முக்கியமான பாடம்.

மேல்பக்கம் நடக்கும் இழப்பை மூளையால் இப்படி ஈடுகட்ட முடியாது. 'ஸ்' என்ற சீறலின் வலு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது. 'ஃப்' ஒலியே பலவீனமானது. அதன் அடையாளமும் மேலேதான். அதனால்தான் வங்கியின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டைப் போனில் சொல்லும்போது எஸ்ஸா எஃப்பா என்று குழம்பி, 'எஸ் ஃபார் சேலம்' என்று ஊர்ப்பெயரைத் துணைக்கு அழைக்கிறோம். ல, ள, ழ மூன்றையும் பிரித்துக் காட்டும் ஒத்ததிர்வுகள் 3,400க்குள் அடங்கிவிடுவதால் அவை பிழைத்துக்கொள்கின்றன. போனில் 'பழம்' தெளிவாகக் கேட்கவில்லை என்றால் பழி கம்பியின் மேல் இல்லை.

இந்தக் கணக்கைப் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்பி எழுதுகிறேன். தொலைபேசியை நம்பிக் குடும்பம் நடத்துகிற மாவட்டங்கள் இவை. லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில் வளைகுடாவில் ஆள் இல்லாத தெருவைப் பார்ப்பது கடினம். மற்ற ஊர்களில் இருந்து திருப்பூருக்கும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் உண்டு. பெரம்பலூருக்கு 04328, அரியலூருக்கு 04329, ஜெயங்கொண்டத்துக்கு 04331 என்று எஸ்.டி.டி. எண்களை மனப்பாடமாக வைத்திருந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. அதற்கும் முன்னால், கேசட்டில் பேசிப் பதிந்து, ஊருக்கு வருபவர் கையில் கொடுத்தனுப்பிய காலம் ஒன்று இருந்தது. இன்று அதே வீட்டார் கேட்கும் கேள்வி: "தம்பி, எங்க அத்தா போன்ல பேசுறத கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சுக்க முடியுமா?"

முடியும். சிக்கலான வேலையும் இல்லை. ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். தொலைபேசிக் குரல் நம்மிடம் வந்து சேரும்போதே மெலிந்துதான் வருகிறது. பதிகிறேன் என்று இன்னொரு முறை அதை மெலிய வைத்துவிடக் கூடாது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

குரலைப் பதியும் ஆசையும் தொலைபேசியும் ஒட்டிப் பிறந்தவை. எடிசன் 1877இல் ஃபோனோகிராஃபைக் கண்டுபிடித்தபோது அவர் கையில் இருந்த வேலை தொலைபேசியும் தந்தியும்தான். காந்தப் பதிவைக் கண்டுபிடித்த டென்மார்க்கின் வால்டெமார் பவுல்சன் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். கூப்பிட்டபோது ஆள் இல்லாவிட்டால் செய்தி வீணாகிறதே என்ற யோசனையில் அவர் உருவாக்கிய 'டெலிகிராஃபோன்', உருளையில் சுற்றிய எஃகுக் கம்பியில் குரலைக் காந்தமாகப் பதிந்தது. 1898இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஆஸ்திரியப் பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசஃப் அதில் பேசினார். அந்தப் பதிவு இன்றும் இருக்கிறது. டேப் ரெக்கார்டர், கேசட், கணினியின் ஹார்ட் டிஸ்க் எல்லாம் அந்தக் கம்பியின் வாரிசுகள்.

இப்போது வீட்டு லேண்ட்லைனுக்கு வருவோம். சுவரில் இருக்கும் ரோசெட் பெட்டியைத் திறந்தால் இரண்டே கம்பிகள். ரிசீவர் வைக்கப்பட்டிருக்கும்போது அவற்றுக்கிடையே 48 வோல்ட் நேர்மின்சாரம் நிற்கிறது. அது தொலைபேசி நிலையத்தின் பேட்டரி வரிசையிலிருந்து வருவது. கரண்ட் போன இரவிலும் பழைய போன் வேலை செய்ததன் காரணம் அதுதான். ரிசீவரை எடுத்ததும் மின்னோட்டம் பாய்ந்து, அழுத்தம் பத்து வோல்ட் அளவுக்கு இறங்குகிறது. மணி அடிக்கும் நேரத்தில் மட்டும் ஏறக்குறைய 75 வோல்ட் மாறுமின்சாரம் வினாடிக்கு 25 சுழற்சியாக வருகிறது. பேச்சு என்பது இவற்றின் மேல் ஏறி வரும் மிகச் சிறிய ஏற்ற இறக்கம்.

போகும் பேச்சும் வரும் பேச்சும் அதே இரண்டு கம்பியில்தான் ஓடுகின்றன. போனுக்குள் இருக்கும் ஒரு சுற்று இரண்டையும் பிரிக்கிறது. முழுக்கப் பிரிப்பதில்லை; நம் குரலில் கொஞ்சத்தை நம் காதுக்கே திருப்பி அனுப்புகிறது. அது இல்லாவிட்டால் போன் செத்துவிட்டதோ என்று தோன்றும், நாமும் கத்த ஆரம்பித்துவிடுவோம். பதிவு செய்பவருக்கோ இதனால் ஒரு தொல்லை. நம் குரல் நம் வீட்டிலேயே பிறப்பதால் கம்பியில் ஓங்கி நிற்கிறது. எதிர்முனைக் குரல் பல கிலோமீட்டர் கடந்து, தேய்ந்து வருகிறது. அப்படியே பதிந்தால் நாம் அலறுவதும் அவர் முணுமுணுப்பதுமாகத்தான் பதிவாகும்.

இந்தக் கம்பியிலிருந்து கணினிக்குக் குரலை எடுக்கச் சில வழிகள் உண்டு. மிக எளியது, ரிசீவரின் காதுப் பக்கத்தில் ரப்பர் உறிஞ்சியால் ஒட்டும் சிறு கம்பிச்சுருள். ரிசீவருக்குள் இருக்கும் ஸ்பீக்கரின் காந்தப்புலம் மாறும்போது இந்தச் சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. ஃபாரடே 1831இல் கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இது. போனைத் திறக்க வேண்டாம், எந்த ஒயரையும் தொட வேண்டாம். குறை என்னவென்றால், சுருளுக்குப் பேச்சின் காந்தப்புலம் எது, டியூப் லைட் சோக்கின் காந்தப்புலம் எது என்று தெரியாது. பதிவைப் போட்டுக் கேட்டால் பேச்சுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஒரே சீரான இரைச்சல் ஓடும். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் அவை. ஸ்டெபிலைசர், சார்ஜர், ஃபேன் ரெகுலேட்டர் எல்லாவற்றையும் விட்டு இரண்டடி தள்ளிப் போனை வைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

இரண்டாவது வழி, கம்பியிலிருந்தே எடுப்பது. இதில் எச்சரிக்கை தேவை. மேசைக் கணினியின் உடல் எர்த்தோடு இணைந்திருக்கிறது. தொலைபேசியின் இரண்டு கம்பிகளும் எர்த்தைப் பொறுத்தவரை சமநிலையில் இருக்க வேண்டியவை. ஒயரை வெட்டி நேரே சவுண்ட் கார்டில் செருகினால் ஒரு கம்பி எர்த்தாகிவிடும். இரைச்சல் கூடும், இணைப்பும் பழுதாகும். மணி அடிக்கும்போது வரும் 75 வோல்ட்டை, சில மில்லிவோல்ட்டுக்கென்று செய்யப்பட்ட மைக் துளை தாங்காது. அதனால் நடுவில் ஒரு தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். நேர்மின்சாரத்தைத் தடுக்க ஒரு மின்தேக்கியும், அழுத்தம் எகிறினால் அடக்க இரண்டு டயோடுகளும் கூட இருக்கும். இவையெல்லாம் அடங்கிய சிறு பெட்டியாகவே விற்கிறார்கள். அதையே வாங்குங்கள். எலெக்ட்ரானிக்ஸ் தெரியாதவர்கள் தாமாக முயல வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும்போது பெட்டியைக் கழற்றி வைத்துவிடுங்கள். வெட்டவெளியில் தூண் தூணாக ஓடிவரும் கம்பியில் இறங்கும் மின்னழுத்தத்துக்கு முன்னால் சிறு டிரான்ஸ்ஃபார்மர் ஒரு தடையே இல்லை.

ஃபைபருக்கு மாறிய வீடுகளில் தொலைபேசி இருந்தால் அங்கே நிலையத்தின் பேட்டரி கிடையாது. ஃபைபர் பெட்டியே தன் போன் துளையில் பழைய கம்பியைப் போல மின்னழுத்தம் கொடுத்து, மணியும் அடிக்கிறது. மேலே சொன்ன கருவிகள் அங்கும் வேலை செய்யும். கரண்ட் போனால் மட்டும், பேட்டரி துணை இல்லாத பெட்டி அணைந்துவிடும்.

கணினிப் பக்கம் ஒரு சொல். மைக் துளை வேறு, லைன்-இன் துளை வேறு. முன்னது மில்லிவோல்ட்டுக்கு, பின்னது ஏறக்குறைய ஒரு வோல்ட்டுக்கு. இன்றைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் மைக்கும் ஹெட்போனும் சேர்ந்த ஒற்றைத் துளைதான் இருக்கும்; லைன்-இன் வேண்டுமானால் யு.எஸ்.பி.யில் செருகும் சிறு சவுண்ட் கார்டு வாங்க வேண்டும். பதியும்போது அளவுகாட்டி உச்சியைத் தொடவே கூடாது. உச்சிக்கு மேல் வெட்டுப்பட்ட அலையை எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது. குறைவாகப் பதிந்ததைப் பிறகு உயர்த்திக்கொள்ளலாம். நம் குரல் ஓங்கி, அவர் குரல் தாழ்ந்து இருப்பதையும் அப்போதே சரிசெய்துகொள்ளலாம்.

குரலை எண்ணாக மாற்றுவது நம் வீட்டுக் கணினி செய்யும் புதுமை என்று பலரும் நினைக்கிறார்கள். நம் வீட்டில் கணினி வருவதற்கு வெகு காலம் முன்பே அந்த வேலை நம் ஊர்த் தொலைபேசி நிலையத்தில் நடந்துகொண்டிருந்தது. பிரிட்டிஷ் பொறியாளர் அலெக் ரீவ்ஸ் 1937இல் இதற்கான வழியைச் சொன்னார். குரல் அலையைச் சீரான இடைவெளியில் அளந்து, அளவுகளை மட்டும் எண்களாக அனுப்பு. மறுமுனையில் அலையை மீண்டும் வரைந்துகொள்ளலாம் என்பது அந்த யோசனை. எத்தனை தடவை அளப்பது? அலையின் மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் அளந்தால் ஒன்றும் விடுபடாது என்ற கணிதத்துக்கு ஹாரி நைக்விஸ்ட் 1928இலேயே அடித்தளம் இட்டிருந்தார். 3,400இன் இரு மடங்கு 6,800. கொஞ்சம் இடம் விட்டு 8,000. உலகத் தொலைபேசி வினாடிக்கு 8,000 அளவுகள் என்று நிலைத்தது இப்படித்தான்.

ஒவ்வோர் அளவுக்கும் 8 பிட். அதாவது 256 படிகள். பேச்சுக்கு இது போதாதே என்றால், படிகளைச் சமமாக வைக்கவில்லை. மெல்லிய ஒலிக்கு நெருக்கமான படிகள், உரத்த ஒலிக்கு அகலமான படிகள். உரத்த ஒலியில் சிறு பிழை காதுக்குத் தெரியாது என்ற உண்மையைப் பயன்படுத்திய அருமையான ஏற்பாடு. இந்தியாவும் ஐரோப்பாவும் பின்பற்றும் வடிவத்துக்கு ஏ-லா என்று பெயர். அமெரிக்காவும் ஜப்பானும் சற்றே மாறுபட்ட மியூ-லா முறையைக் கையாள்கின்றன. 8,000 பெருக்கல் 8, வினாடிக்கு 64,000 பிட்.

1984இல் சி-டாட் நிறுவனம் தொடங்கப்பட்டு, கிராமங்களுக்கென்று 128 இணைப்புகள் கொண்ட சிறு டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சை வடிவமைத்தது. குளிர்சாதன வசதி இல்லாமல் நம் வெயிலில் ஓட வேண்டும் என்பது அதற்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. 1986இல் கர்நாடகத்தின் கித்தூரில் முதலாவது நிறுவப்பட்டது. பிறகு நாடெங்கும் சிற்றூர்களுக்குப் போனது. வெளிநாடு போன மகனோடு எஸ்.டி.டி. பூத்தில் நின்று பேசிய தாயின் குரல் ஏதோ ஒரு சின்ன அறையில் வினாடிக்கு 8,000 எண்களாக மாறித்தான் கடல் கடந்தது. இந்தியப் பொறியாளர்களின் இந்த உழைப்புக்கு உரிய மரியாதையை நாம் இன்னும் தரவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

செல்போன் வந்ததும் மெலிவு இன்னொரு படி கூடியது. காற்றலையில் இடம் குறைவு. 64,000 பிட்டுக்கு வழியில்லை. 2ஜி காலத்து முதல் ஜி.எஸ்.எம். முறை அதை 13,000 ஆக்கியது. எப்படி? அலையை அனுப்புவதை விட்டுவிட்டு, அலையை உண்டாக்கும் தொண்டையையும் வாயையும் பற்றிய குறிப்பை அனுப்புகிறது. பேச்சை 20 மில்லிவினாடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் வாயின் வடிவம் எப்படி இருந்தது, குரல்நாண் எந்த வேகத்தில் அதிர்ந்தது, மிச்சம் என்ன என்று 260 பிட்டில் எழுதி அனுப்பிவிடும். எதிர்முனைக் கருவி அந்தக் குறிப்பைப் படித்துக் குரலைப் புதிதாக உண்டாக்குகிறது. குழம்பைத் தூக்கில் ஊற்றி அனுப்பாமல் செய்முறையை மட்டும் எழுதி அனுப்பி, அங்கே சமைத்துக்கொள்ளச் சொல்வது போன்ற ஏற்பாடு. செல்போனில் நாம் கேட்பது மறுமுனையில் சமைக்கப்பட்ட குரல்.

கோயில் திருவிழாவில் நின்றுகொண்டு போனில் நாதஸ்வரத்தைக் கேட்க வைக்க முயன்றவர்களுக்கு இதன் விளைவு தெரியும். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் பறை முழங்கும்போது போனை நீட்டினால் எதிர்முனையில் ஏதோ தகரத்தை உருட்டுவது போலக் கேட்கும். மனிதத் தொண்டையை மட்டும் வர்ணிக்கத் தெரிந்த முறைக்குப் பறையை வர்ணிக்கச் சொற்கள் இல்லை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினாலே அது தடுமாறும். இன்றைய போன்களில் பின்னணி இரைச்சலை நீக்கும் வேலையும் சேர்ந்துகொண்டு, பறையை இரைச்சல் என்றே எண்ணி வெட்டிவிடுகிறது.

நல்ல செய்தியும் உண்டு. 4ஜியின் வோல்ட்இ அழைப்புகளில் பயன்படும் அகன்ற அலைவரிசை முறை 50 முதல் 7,000 ஹெர்ட்ஸ் வரை கடத்துகிறது. வினாடிக்கு 16,000 அளவுகள். இரண்டு முனையிலும் கருவியும் நெட்வொர்க்கும் ஒத்துழைத்தால், அப்பாவின் அடிநாதம் உண்மையாகவே வந்து சேர்கிறது. எஸ்ஸும் எஃப்பும் பிரிந்து கேட்கின்றன. முதியவர்களின் குரலைப் பதிய விரும்புவோர் சாத்தியமானபோதெல்லாம் இந்த வகை அழைப்பையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆனால் செல்போனுக்குள் பதிவது வர வரக் கடினமாகிறது. 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9இலிருந்து வெளிச் செயலிகள் அழைப்பைப் பதிவதைக் கூகுள் முடக்கத் தொடங்கியது. எஞ்சியிருந்த ஒரு வழியையும் 2022 மே மாதத்தோடு அடைத்தது; ட்ரூகாலர் தன் பதிவு வசதியை அப்போதுதான் கைவிட்டது. போனோடு வரும் பதிவு வசதி பல கருவிகளில் இருக்கிறது. பதிவு தொடங்குவதை இருவருக்கும் கேட்கும்படி அறிவித்துவிட்டுத்தான் அவற்றில் பலவும் தொடங்கும். ஐபோனிலும் 2024 அக்டோபரில் இதே அறிவிப்போடுதான் வசதி வந்தது. அமெரிக்காவில் 1947லேயே, அழைப்பைப் பதிவதானால் சுமார் 15 வினாடிக்கு ஒரு முறை 'பீப்' ஒலி கேட்க வேண்டும் என்று விதித்திருந்தார்கள். இன்றைய அறிவிப்பு அதன் வழி வந்ததுதான்.

கணினிக்குக் கொண்டுவர நான் பரிந்துரைக்கும் வழி புளூடூத். விண்டோஸில் போன் லிங்க் வழியாகக் கணினியையே போனின் ஹெட்செட்டாக்கிவிடலாம். அப்போது எதிர்முனைக் குரல் கணினியின் ஒலி வழியில் வருகிறது, நம் குரல் கணினியின் மைக்கில் போகிறது. ஓபிஎஸ் போன்ற இலவச மென்பொருளில் இரண்டையும் தனித்தனித் தடங்களாகப் பதியலாம். லேண்ட்லைனில் கிடைக்காத வசதி இது. இரண்டு குரலும் கலக்காமல் இருப்பதால் பின்னால் கேட்டு எழுதுவதற்கு மிகவும் உதவும். ஹெட்போன் போட்டுக்கொள்வது அவசியம். இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் வரும் அவர் குரல் நம் மைக்கிலும் ஏறி எதிரொலிக்கும். அழைப்பு அகன்ற அலைவரிசையில் வந்தாலும், புளூடூத் பழையதானால் அது 8,000 அளவுக்கே சுருக்கிவிடும் என்பதையும் கவனியுங்கள். ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்தில் இன்னொரு கருவியை வைத்துப் பதிவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். அறையின் எதிரொலி குரலோடு சேர்ந்து நிரந்தரமாகிவிடும்.

எந்த வடிவில் சேமிப்பது? நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், இங்கேதான் பெரும்பாலான பதிவுகள் பாழாகின்றன. 16 பிட், வினாடிக்கு 16,000 அளவுகள், ஒற்றைத் தடம் என்று வேவ் கோப்பாகப் பதிந்தால் ஒரு மணி நேரப் பேச்சுக்கு 115 எம்.பி. ஆகிறது. ஒரு டெராபைட் டிஸ்க்கில் எட்டாயிரம் மணி நேரத்துக்கு மேல் அடங்கும். இடத்தை மிச்சம் பிடிக்க எம்.பி.3 ஆக்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. சுருக்கத்தான் வேண்டுமென்றால் ஃப்ளாக் வடிவில் சுருக்குங்கள். அதில் ஒரு பிட்கூட இழப்பில்லை. எம்.பி.3யும், வாய்ஸ் நோட்டுக்கு வாட்ஸ்அப் கையாளும் ஓபஸும் காதுக்குத் தெரியாது என்று தாங்கள் கருதுவதைத் தூக்கி எறிபவை. முழு இசையில் அந்த இழப்பு தெரியாமல் போகலாம். ஏற்கெனவே 3,400இல் வெட்டுப்பட்டு, 20 மில்லிவினாடித் துண்டுகளாகி, மீண்டும் சமைக்கப்பட்ட குரலில் தூக்கி எறிய இனி என்ன இருக்கிறது? அழைப்பை வாய்ஸ் நோட்டாக்கி, அதை எம்.பி.3 ஆக்கி, அதையும் வேறு செயலியில் வெட்டி அனுப்பிய பதிவுகளைக் கேட்டிருக்கிறேன். நீருக்கடியில் இருந்து பேசுவது போல இருக்கும். முதல் பதிவை அப்படியே ஓரிடத்தில் வையுங்கள். வெட்டுவது, ஒட்டுவது, இரைச்சல் நீக்குவது எல்லாம் பிரதியில் செய்யுங்கள். பிரதிகள் இரண்டு இடத்தில் இருக்கட்டும். ஒன்று வீட்டுக்கு வெளியே.

சட்டமும் இதே முதல் பதிவைத்தான் கேட்கிறது. அதற்கு வருமுன், எதைப் பதியலாம் என்று பார்ப்போம். தன் அழைப்பைத் தான் பதிவது வேறு. இரண்டு பேர் பேசுவதை மூன்றாமவர் ஒட்டுக்கேட்பது வேறு. இரண்டாவதை அரசே செய்தாலும் அதற்கு விதிமுறை உண்டு. 1885ஆம் ஆண்டு தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவு அந்த அதிகாரத்தைத் தந்தது, 1996இல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பி.யு.சி.எல்.) தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்குக் கட்டுப்பாடுகள் விதித்தது. பெரம்பலூர்க்காரர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. 2010 நவம்பரில் வெளியான, கார்ப்பரேட் தரகர் நீரா ராடியாவின் தொலைபேசி ஒலிப்பதிவுகள், வருமான வரித்துறை முறைப்படி ஒட்டுக்கேட்டுப் பதிந்தவை. அவற்றில் வந்த குரல்களில் ஒன்று, பெரம்பலூர் தொகுதியை மூன்று முறை நாடாளுமன்றத்தில் பிரதிநிதித்துவம் செய்து, அந்தப் பதிவுகளின் காலத்தில் தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்த ஆ. ராசாவுடையது. 2ஜி அலைக்கற்றை ஒதுக்கீட்டு வழக்கில் 2017 டிசம்பர் 21 அன்று சிறப்பு நீதிமன்றம் அவர் உட்பட அனைவரையும் விடுவித்தது. அந்தப் பதிவுகள் எப்படி வெளியே கசிந்தன என்ற கேள்வியோடு தொழிலதிபர் ரத்தன் டாட்டா உச்ச நீதிமன்றம் போனதும், அந்தரங்கம் பற்றிய விவாதத்தை நாடெங்கும் எழுப்பியது.

தன் அழைப்பைத் தான் பதிவது பற்றிய முக்கியமான தீர்ப்பு ஆர்.எம். மல்கானி வழக்கு. 1964இல் பம்பாயில் மரண விசாரணை அதிகாரி ஒருவர் லஞ்சம் கேட்டபோது, ஒரு மருத்துவரின் வீட்டு போனில் அவர் சம்மதத்தோடு போலீசார் டேப் ரெக்கார்டரை இணைத்தார்கள். பேசுகிற இருவரில் ஒருவர் இசைந்து பதிந்தது ஒட்டுக்கேட்பு ஆகாது, அதைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று 1972இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. குரல் யாருடையது என்று உறுதியாக வேண்டும், பதிவில் கைவைக்கவில்லை என்று நிரூபணமாக வேண்டும் என்பவை நிபந்தனைகள். மணவிலக்கு வழக்கில் துணைவருக்குத் தெரியாமல் பதிந்த உரையாடலையும் சாட்சியமாகத் தரலாம் என்று 2025 ஜூலை 14 அன்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நீதிமன்றம் ஏற்கும் என்பதற்காக எல்லாவற்றையும் ஒளித்துப் பதியலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மிரட்டல், மோசடி, லஞ்சம் என்றால் பதியுங்கள். பணமோசடி என்றால் உடனே 1930க்கும் அழையுங்கள். உறவினரிடமும் நண்பரிடமும் சொல்லிவிட்டுப் பதியுங்கள்.

வளைகுடாவில் இருப்பவர்கள் இதை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். இந்தியாவில் ஏற்கப்படுவது அங்கே குற்றம். ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு இணையக் குற்றச் சட்டத்தின் 44ஆம் பிரிவின்படி, சம்மதமில்லாமல் உரையாடலைப் பதிந்தால் குறைந்தது ஆறு மாதச் சிறை, அல்லது ஒன்றரை லட்சம் முதல் ஐந்து லட்சம் திர்ஹம் வரை அபராதம், அல்லது இரண்டும். சம்பளம் தராத மேற்பார்வையாளரின் பேச்சைச் சான்றாகப் பதிந்த தொழிலாளியே குற்றவாளியாக நிற்க நேரலாம். ஊரில் இருப்பவர்கள் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழ் கேட்கிறது. அதில் கோப்பின் 'ஹாஷ்' எண்ணைக் குறிப்பிட வேண்டும். ஒரு கோப்பை எஸ்.எச்.ஏ.-256 என்ற கணக்குக்குள் செலுத்தினால் 64 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு சரம் வெளியே வரும். ஒரு மணி நேரப் பதிவில் ஒரே ஒரு பிட்டை மாற்றினாலும் சரம் அடியோடு மாறிவிடும். விண்டோஸிலும் லினக்ஸிலும் இதற்கான கட்டளை கூடவே வருகிறது, தனியே எதுவும் வாங்க வேண்டாம். பதிந்த அன்றே ஹாஷ் எடுத்து, தேதியோடு எழுதி வைத்தால், பத்து வருடம் கழித்தும் கோப்பு மாறாமல் இருப்பதைக் காட்டலாம். எம்.பி.3 ஆக்கி அனுப்பிய பிரதிக்கு இந்த எண் பொருந்தாது. அனுப்பியவரே 'ஒரிஜினல் எங்கே' என்ற கேள்விக்கு விடை தேட வேண்டியிருக்கும். வழக்குக்கென்று இல்லாமல் குடும்பத்துக்கென்று பதிந்த குரலுக்கும் இதே பழக்கம் நல்லது. டிஸ்க் பழுதாகிக் கோப்பு சிதையத் தொடங்கினால் முதலில் காட்டிக்கொடுப்பது ஹாஷ்தான்.

அப்படிப் பதிந்து வைக்க வேண்டிய நினைவு ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. 1956 நவம்பர் 23 அதிகாலை, அரியலூருக்கு அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் அரித்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அன்று பத்து வயதுச் சிறுவர்களாக இருந்து ஆற்றங்கரைக்கு ஓடிப்போய்ப் பார்த்தவர்களுக்கு இன்று எண்பது வயதை ஒட்டி ஆகிறது. அவர்களில் பலர் மகன் வீட்டிலும் மகள் வீட்டிலுமாக வெளியூர்களில் இருக்கிறார்கள். போனில்தான் பிடிக்க முடியும். உங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த வாரமே கூப்பிடுங்கள். "தாத்தா, நீங்க சொல்றத பதிஞ்சு வெச்சுக்கறேன்" என்று முதலில் சொல்லிவிடுங்கள். வேவ் கோப்பாகப் பதியுங்கள். பெயர், ஊர், தேதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள்.